மூன்றெழுத்து

இனி வெள்ளியும் விடுமுறை என்று
ஹுசாம் சொன்னபோது
சார்ஜா தொழிற்பேட்டையில்
டைல்ஸ் கிடங்கின் மேல்மாடியில்
யாரும் கைதட்டவில்லை.
"சம்பளம் அதேதானே?"
என்றான் கணக்குப் பிரிவு பிஜோய்.
அதேதான். மூன்று மாதச் சோதனை.

ஐந்து நாளை நான்கில் அடைத்தோம்,
ஊருக்குப் போகிறவர்
முப்பது கிலோப் பெட்டிக்குள்
முப்பத்தேழு கிலோவை அடைப்பதுபோல:
மூடிமேல் இருவர் உட்கார,
ஒருவர் ஜிப்பை இழுக்க.
முதலில் வெளியே எடுத்துவைத்தது
திங்கள் காலைக் கூட்டத்தை.
ஒன்றரை மணி நேரம்
பதினொரு நிமிடமானது.
அதிலும் நான்கு நிமிடம் ஏசியைப் பற்றி.
பிறகு, யாருக்கும் வேண்டாத மின்னஞ்சல்கள்.
பிறகு நாலு மணி கரக் டீ.
அதோடு சேர்ந்து
பிஜோய் அடிக்கும் நக்கலும் போயிற்று.
அதை எடுத்துவைக்கச் சொல்லி
யாரும் சொல்லவில்லை.

கப்பல் காகிதங்கள்
ஒரு நாளும் தாமதமாகவில்லை.
துறைமுக அபராதம் பூஜ்யம்.
எட்டு சதவீதம் முன்னேற்றம் என்று
ஹுசாம் பச்சைக் கோடு காட்டினார்.
கோடு ஏறிய உயரத்தில்
எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

எனக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது,
என்னுடைய வேலை.
சங்கத்தின் ஆண்டு மலருக்கு
ஒரு பெரிய குறுக்கெழுத்து,
பதினைந்துக்குப் பதினைந்து.
நேரமில்லை நேரமில்லை என்று
ஆறு மலர்களைத் தாண்டிவிட்டேன்.

முதல் வெள்ளி, தூங்கினேன்.
இரண்டாம் வெள்ளி துவைத்தேன்,
தங்கையோடு போனில் சண்டை போட்டு
துணி காய்வதற்குள் சமாதானமானேன்.
மூன்றாம் வெள்ளி
கட்டம் வரைந்தேன், பென்சில் சீவினேன்,
இன்னொரு பென்சில் சீவினேன்,
கறுப்புக் கட்டங்களை மட்டும்
மிக அழகாக நிரப்பினேன்.

முன்பெல்லாம்
சரக்குப் பட்டியலுக்கு நடுவே
கழிவறைக்குப் போகிற வழியில்
ஒரு குறிப்பு தானாக வந்து விழும்.
திருடிய பத்து நிமிடத்துக்கு இருந்த கூர்
கையில் கொடுத்த ஒரு நாளுக்கு இல்லை.
இதை ஹுசாமிடம் சொல்லவில்லை.
பறித்துக்கொள்வார்.

ஏழாம் வெள்ளி
எப்படியோ கட்டங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
பதினேழு குறுக்காக மட்டும் மிச்சம்.
மேலிருந்து வந்த எழுத்துகள்
தாமாகவே ஒரு விடையைக் கூட்டியிருந்தன,
நான் கேட்காத விடையை.
வெ, ள், ளி.
குறிப்புதான் வரவில்லை.
காலில் சிணுங்கும், விடியலில் மினுங்கும்
வரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன்.
அதற்கு மேல் எதைச் சொன்னாலும்
விளம்பரம்போல இருந்தது.

அழைப்பு மணி. பிரியாணி.
பதினான்காம் மாடி, லிப்ட் மெதுவானது,
வியர்வையோடு நஸ்மி,
புத்தளத்துப் பையன்,
மூன்று வாரமாகப் பழக்கம்.
"இண்டைக்கு லேட்டு அக்கா.
ஜும்மா முடிஞ்ச ஒடனே ஓடர் கொட்டும்.
இப்ப கொஞ்சநாளா
வெள்ளி எண்டா டபுள்.
எல்லாரும் வீட்டுலதானே."

எனக்கு மேசையில் திறந்து கிடந்த தாளும்
கையில் சூடாக இருந்த பொட்டலமும்
திடீரென்று ஒரே கணக்கில் வந்தன.
என்ன சொல்வதென்று தெரியாமல்
குறிப்பைப் படித்துக் காட்டினேன்.
காலில் சிணுங்கும்,
விடியலில் மினுங்கும், மூன்றெழுத்து.
தலைக்கவசத்தைப் பாதி தூக்கி யோசித்தான்.
போனில் அடுத்த ஓடர் கத்தியது.
"பொறு பொறு" என்றான், எனக்கா அதற்கா.

லிப்ட் மூடுகிற கடைசி இடுக்கில்
அவன் குரல் வந்தது:
"வெள்ளி!"

மேசைக்குத் திரும்பி
காற்புள்ளி போட்டேன்.
காலில் சிணுங்கும், விடியலில் மினுங்கும்,
சிலருக்கு விடியாது.
அழித்தேன்.
சிலருக்கு வராது.
அதையும் அழித்தேன்.

பிரியாணி ஆறிவிட்டது.
எலுமிச்சை கேட்டிருந்தேன், வைத்திருக்கிறார்கள்.
தாளின் ஓரத்தில்
மறந்துவிடாமல் இருக்க எழுதிவைத்தேன்:
மலரில் நன்றி, நஸ்மி.
முழுப்பெயர் கேட்க வேண்டும்,
அடுத்த வெள்ளி.