ஏழாம் பெட்டி

வான் வந்து நிற்கையில் காலை ஏழே முக்கால்.
மாங்குளத்துச் சந்தியில் பாண் வாங்க நின்றதால் பிந்தியதாம்.
பதினொரு பேர். ஒருத்திக்கு வயிற்றுக்குத்து.
முகவலைகளை எண்ணிக் கொடுத்தேன்.
பழைய நுளம்பு வலையில் சுமங்கலை தைத்தவை.
நெற்றிப் பக்கம் நிவாரண முத்திரையின் மிச்சம்,
எத்தனை தோய்த்தும் போகாத நீலம்.

ஒலுமடுவில் எங்கள் பதினான்கு வீட்டையும் சேர்த்து
சூழலூர் என்று ஒரு பலகை.
பெயர் நாங்கள் வைத்ததில்லை, திட்டத்தோடு வந்தது.
சூரியத்தகடு, உலர் மலசலகூடம்,
சாம்பல் அள்ளிப் போட ஒரு சிரட்டை,
பிளாஸ்ரிக் கொண்டு வராதீர் என்று
பிளாஸ்ரிக்கில் அச்சடித்த அறிவித்தல்.

தாடிக்காரர் ஒருவர் கேட்டார்:
லைன் கறன்ற் இல்லாமல் வாழப் பழக
உங்களுக்கு எவ்வளவு நாள் எடுத்தது?

எனக்கு ஜாம் போத்தில் ஞாபகம் வந்தது.
ஒரு திரி, ஒரு விரற்கடை மண்ணெண்ணெய்.
சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றச் சுற்ற
செய்தி வாசித்த வானொலி,
கை ஓய்ந்தால் செத்தவர் தொகை பாதியில் நிற்கும்.
சவர்க்காரத்துக்குப் பனங்காய்.
அப்போது அதற்குப் பொருளாதாரத் தடை என்று பெயர்.
இப்போது ஓர் இரவுக்கு ஆறாயிரம், சாப்பாடு உட்பட.

பழக நாளெடுக்கேல்லை ஐயா, என்றேன்.
விடத்தான் நாளெடுத்தது.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஏழாம் பெட்டிதான் நாங்கள் காட்டுகிற பெட்டி.
சாந்தமான குடி. பிள்ளைகள் கிட்டப் போகலாம்.
தும்புப் புகை ஊதி, மூடியைத் தூக்கினேன்.

ஆறு சட்டமும் வெறுமை.
எறும்பு வரிசை ஒன்று. மூலையில் மெழுகுப்பூச்சியின் வலை.
இறகு கிழிந்த மூன்று ஈக்கள்
எங்கே போவதென்று தெரியாமல் நடந்தன.
வலைகளுக்குள் பதினொரு முகமும் என்னைப் பார்த்தன.

ஸ்காபரோவில் பிறந்த ஆரணி
சனிக்கிழமைப் பள்ளித் தமிழில் மெல்லச் சொன்னாள்:
இவையும் இடம்பெயர்ந்து விட்டன, எங்களைப் போல.

இல்லைப் பிள்ளை.
தேனீ முதலில் ஆள் அனுப்பும்.
அவை போய் மரப்பொந்துக்குள் நடந்து அளந்து பார்த்து
திரும்பி வந்து ஆடிக் காட்டும்.
வேறு பொந்து கண்டவை மறுத்து ஆடும்.
எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழும்பும்,
வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு.
எங்களை ஆர் கேட்டது?
ஷெல் விழாத பக்கம் எதுவோ, அதுதான் பாதை.

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.
வயிற்றுக்குத்துக்காரிக்கு ஓமத்தண்ணி கொடுத்தேன்.

வான் சாரதி ரஜிந்தன்தான் கண்டான்.
வனஇலாகாவின் மஞ்சள் கல்லுக்கு அந்தப் பக்கம்,
பாலை மரக் கொப்பில்
பலாக்காய் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன.
அந்தக் கல்லைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை.
சுமங்கலையின் தகப்பன் கச்சான் போட்ட காணி அது.
எல்லோரும் கமராவை நீட்டி நீட்டி எடுத்தார்கள்.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல சனங்கள்.

இரவு பதிவுக் கொப்பியை விரித்தேன்.
இரண்டு கிழமையாய் ராணி முட்டை வைக்கவில்லை.
என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
எழுதினேன், வாசிக்கவில்லை.
அதே மாதம் ஏழாம் பெட்டியைத் திறந்தது இருபத்தாறு தரம்.
ஒவ்வொரு தரமும் புகை, வெளிச்சம், ஆகா என்றொரு சத்தம்.

'காரணம்' என்ற கட்டத்தில்
எறும்பு என்று எழுதி வெட்டினேன்.
விருந்தாளிகள் என்று எழுதி வெட்டினேன்.
பிறகு என் பெயரை எழுதினேன், முதலெழுத்தோடு.

வாற சனி பதினாறு பேர், என்றாள் சுமங்கலை.
எட்டாம் பெட்டி கொட்டும்.

பெட்டி ஒண்டும் திறக்கேல்லை.

அப்ப என்னத்தைக் காட்டுறது?

வாசலை, என்றேன்.
பத்தடி தள்ளி வாங்கைப் போடு.
போறதையும் வாறதையும் இருந்து பாக்கட்டும்.