மைனஸ் நாற்பது

யாகுட்ஸ்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் நாற்பத்தேழு.
அரைமணி நேரம் ஓடி
கைவைத்தால் சுடுகிற எஞ்சினை
மைனஸ் நாற்பது என்கிறது திரை.
பொய்தான்.
ஆனாலும் ஊரைவிட ஏழு டிகிரி
வெதுவெதுப்பான பொய்.

அதை நம்பிக் கணினி
விறைத்துக் கிடப்பவன் வாயில் புகட்டுவதுபோல்
பெட்ரோலை ஊற்றுகிறது.
புகைக்குழாய் கறுப்பாய் இருமுகிறது.
விசிறிக்கு மட்டும் சந்தேகம்:
எதற்கும் இருக்கட்டுமென்று
இந்தப் பனியிலும் நிற்காமல் சுற்றுகிறது.

ரொட்டி வண்டி இது.
விடிகாலை நாலுக்கு, உறைந்த லேனாவின்மேல்
அக்கரைக்கு இருநூற்றுப் பத்து ரொட்டி.
முந்தாநாள் நதி நடுவில் அணைந்தது.
மறுபடி பற்றிக்கொள்ளப் பதினொரு நிமிடம்.
அதற்குள் கதவோரத் தட்டு முழுக்கச்
செங்கல்.

உதிரிபாகக் கடை ஃபெக்லா
ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள்.
சுண்டுவிரல் அளவு,
பித்தளை உடம்பு, பச்சைத் தலை, இரண்டு ஊசி.
"ஆயிரத்து இருநூறு ரூபிள்.
திருப்பி எடுக்கமாட்டேன்."

மணிக்கணக்கில் வாடகை வாங்கும் சூடான கராஜ்.
பக்கத்து வண்டிக்கடியில் ஜூலுஸ்தானின்
பூட்ஸ் மட்டும் தெரிகிறது.
"ஆறட்டும்" என்றன பூட்ஸ்.
எனக்குத் தெரியாதா.
சூட்டில் மூடியைத் திறந்தால்
ரேடியேட்டர் முகத்தில் துப்பும்.
எஞ்சின் இறங்க இறங்க வாடகை ஏறியது.

பத்தொன்பது ஸ்பேனர்.
பழசு கழன்றதும் ஓட்டையைக்
கட்டைவிரலால் அடைத்தேன்.
அப்படியும் முழங்கைவரை வழிந்தது
பச்சைக் கூலன்ட், தித்திப்பாய் நாறிக்கொண்டு.
புதுசைத் திருகினேன், புதுச் செம்பு வளையத்தோடு.
பலம் காட்டக் கூடாது இங்கே;
பித்தளை முனகாது,
நேரே முறிந்துவிடும்.
ஹீட்டரை முழுதாய்த் திறந்து
மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து
குமிழி வந்து, நின்று,
முடிந்ததென்று நினைத்தபின் இன்னொன்று வந்து,
மூடி.

ஸ்டார்ட்.

மைனஸ் நாற்பது.

பூட்ஸ் எதுவும் சொல்லவில்லை.

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது.
ஒரு தகர டம்ளரில் ஊற்றிக்கொண்டு
பழைய சென்சாரின் ஊசிகளை
மல்டிமீட்டருக்குக் கவ்வக் கொடுத்தேன்.
காற்றில் பிடித்தால் இரண்டாயிரத்து நானூறு ஓம்.
பித்தளையை முக்கியதும்
ஆயிரம். அறுநூறு. முந்நூறு. இருநூற்றுச் சொச்சம்.
சூடு ஏற ஏற எதிர்ப்பு இறங்குகிறது,
பிறவிக் குணப்படி,
ஒரு தடுமாற்றம் இல்லாமல்.
இத்தனை நாளும்
சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் கனெக்டரைக் கவிழ்த்து
டார்ச் அடித்தேன்.
உள்ளே பாசிபோல் பச்சை.
உறையை உரித்தால்
தோலுக்குள்ளேயே அறுந்த ஒயர்,
தொட்டும் தொடாமலும்.

அறுந்த வழியில் எதுவும் வராது.
எதுவும் வராவிட்டால்
கணினி அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது.
மௌனத்துக்கு அதன் அகராதியில்
ஒரே பொருள்.

வண்டிக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது,
அரைமுழம் ஒயரோடு.
எப்போதிலிருந்து வைத்திருந்தானோ,
கேட்கவில்லை.
உரித்து, முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றி,

ஸ்டார்ட்.
பதினாறு. முப்பது. ஐம்பத்து மூன்று.
எண்பத்தெட்டில் வந்து உட்கார்ந்தது.
விசிறி நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது
அதுவரை நாங்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தது.

கூலன்ட் பட்ட தண்ணீர் விஷம்.
கெட்டிலை மறுபடி கொதிக்கவைத்து
கதவைத் திறந்து டம்ளரை வீசிக் கொட்டினேன்.
தரைக்கு ஒரு சொட்டும் போகவில்லை.
சர்ரென்று வெள்ளையாய்ப் பிரிந்து
விளக்குக் கம்பத்தின் பக்கம் நகர்ந்தது.

மூன்று மணி நேர வாடகை.
புதுசு திருகியபடியே இருக்கட்டும்.
பழசைத் துணியில் சுற்றி
டாஷ்போர்டு பெட்டியில் போட்டேன், ரசீதோடு.
ஃபெக்லா திருப்பி எடுக்கமாட்டாள்.
ரொட்டி ஏற்ற இன்னும் நாற்பது நிமிடம்.