நனைத்த கை

மாலத்தீவிலிருந்து ஆறு வருஷமாக
நீ அனுப்பிய படங்களில் எல்லாம்
வேறு யாரோ இருந்தான்.
வெயிலில் வெந்த மூக்கு, கறுப்புக் கண்ணாடி,
இரண்டு கைக்கும் அடங்காத பாறை மீன்.
ஓரத்தில் வாலைத் தாங்கிய நாலு விரல்.
அது நீ.
சுண்டுவிரல் நகத்துக் கறுப்பை வைத்து
பிள்ளைக்குக் காட்டுவேன்:
இந்தாடா, உங்கப்பா.

ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும் மீன்.
அதைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்றாய்.
விடுவதற்கா பிடிக்கிறார்கள்?
அதுக்குத்தான் காசே என்றாய்.
தூண்டிலின் எதிர்முள்ளைக்கூட நசுக்கிவிடுவோம்,
கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவோம்,
வழவழப்புப் போனால் சீக்கு வந்துவிடும்,
உன் மூச்சைப் பிடித்துக்கொள்,
உனக்கு முட்டும்போது அதற்கும் முட்டும்,
விட்டுவிடு.
நான் சிரித்தது உனக்கு
சிக்னல் கோளாறாகக் கேட்டிருக்கும்.
அன்றைக்கு மேலூர்ச் சந்தையில்
ஐஸில் கண் வெளுத்த மத்தி
அரைக் கிலோ வாங்கியிருந்தேன்.
வழவழப்பு நிறையவே இருந்தது.

நீ வந்த ஒன்பதாம் நாள்
வெட்டுக்கொம்பன் கண்மாய் அழிப்பு.
விடிவதற்குள் கரை கொள்ளாத சனம்.
டாட்டா ஏசிலிருந்து குதித்தவர்கள்,
ஊத்தா, கச்சா, கிழிந்த கொசுவலை,
அரிசிச் சாக்கோடு ஒருத்தி.
அம்பலம் வெள்ளைத் துண்டை வீசி முடிக்கவில்லை,
தண்ணீர் இருந்த இடத்தில்
இடுப்புகள்தான் இருந்தன.

மூன்றாவது குத்தில்
உன் ஊத்தாவுக்குள் விழுந்தது விரால்.
முழத்துக்குக் கொஞ்சம் கூட.
மார்வரை சேறாய் நின்றவன்
குனிந்து கையை நனைத்தாய்.
எனக்கு அப்போதே திக்கென்றது.
ஓட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பினாய்,
அந்தக் குழம்பில் ஓட்டமேது?
வயிற்றைத் தாங்கி
முன்னும் பின்னும் அசைத்தாய்
தொட்டில்பிள்ளை மாதிரி,
மூச்சு வரட்டும் என்று.
தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிற சாதி, விரால்.
அதற்குப் போய்.

பிறகு கையை விரித்தாய்.

"மச்சான், கிறுக்குப் பிடிச்சிருச்சா!"
என் தம்பி சேவுகனின் குரல்.
கலுங்குவரை போய்த் திரும்பியது சிரிப்பு.
"வீரணன் மீனுக்கு விசா அடிக்கிறான்டோய்!"
நீ யாரையும் பார்க்கவில்லை.
படத்திலிருந்த அந்த ஆட்களின் சிரிப்பு
முதல்தடவையாக உன் முகத்தில்.
ஆறு வருஷம்
வாலை மட்டும் பிடித்தவன்.

ஆனாலும் வைய வேண்டும் என்றுதான் வந்தேன்.
கடலா இது?
பத்து நாளில் தரை வெடிக்கும்,
கொக்குகூட எழுந்து போய்விடும்,
எங்கே போகும் உன் மீன்?
வாயெடுத்தேன்.
இடது பாதத்துக்கு அடியில்
ஏதோ முட்டியது.

ஆம்பல் வேர்ப் பக்கம் சேறு நகர்ந்தது.
மூன்று ஊத்தா எங்களை நோக்கி
குத்திக்கொண்டே வருகிறது.
இரண்டு காலையும் சேர்த்து வைத்து
அப்படியே நின்றேன்.
"என்னக்கா, அங்கிட்டு எதுவும் கெடக்கா?"
"ஒண்ணுமில்லடா, முள்ளு குத்திருச்சு."

குதிகாலுக்குக் கீழே
அது தோண்டிக்கொண்டே போனது.
காய்ந்த சேற்றுக்குள்ளும்
மழை வரும்வரை அதற்குக் கிடக்கத் தெரியும்.
உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

ராத்திரி தெருவெல்லாம் புளிக்குழம்பு கொதித்தது.
நம் வீட்டில்
நீ பெட்டியில் சுற்றிக் கொண்டுவந்த மாசி,
தேங்காயும் சின்ன வெங்காயமும் வைத்து இடித்தது.
"அப்பா, உன் மீனைப் போட்டோ எடுத்தாங்களா?"
பிள்ளை கேட்டான்.
யாரும் எடுக்கவில்லை.
நீ இரண்டு கையையும் விரித்து
இவ்வளவு என்று காட்டினாய்.
கொஞ்சம் கூடத்தான் காட்டினாய்.

நான் கொல்லைப்பக்கம் போனேன் கால் கழுவ.
வலதைக் கழுவினேன்.
இடதைக் கழுவாமல்
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.