பதினோரு எட்டு

துப்பாக்கிக்கு ஒரு சாவி,
தோட்டாவுக்கு இன்னொன்று.
இரண்டும் ஒரே அறையில் தூங்கக் கூடாது என்று
கொக்கிரகுளத்தில்
அவர் உரிமத்தை என் பேருக்கு மாற்றித் தந்த கிளார்க்
சகுனம் சொல்வதுபோல் சொன்னார்.

களக்காட்டுக்கு மேற்கே
மலை வந்து கால்நீட்டும் வரப்பு எங்களுடையது.
அவர் போனபின் ஏத்தன் வாழை என் பாடு,
பன்றியும் என் பாடு.
போன ஆனியில் கரடி ஒன்று
பின்வாசல் பலாவில் ஏறி
ஒரு பழத்தை முழுசாய்த் தின்று இறங்கும்வரை
நான் சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து பழக்கம்.
வெள்ளிக்கிழமை, மாசானம் தூங்கியதும்
விளக்கை அணைத்துவிட்டு
கட்டிலில் இருந்து பீரோவுக்குப் பதினோரு எட்டு.
பீரோவில் இருந்து அடுக்களை டிரங்குப்பெட்டிக்கு ஏழு.
குழலை ஒடித்து, விரல்விட்டுத் தடவி,
உள்ளே ஒன்றுமில்லை என்று விரலுக்குத் தெரிந்தபின்
திரும்பப் பூட்டுவேன்.
முதலில் எண்பது நொடி. பிறகு அறுபது.
கார்த்திகையில் நாற்பத்தைந்து.
சொல்லிக்கொள்ள ஆளில்லாத பெருமை.

மார்கழியில் ஒரு காலை
இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டபடி
ஒன்பது வயசுக்காரன் கேட்டான்:
"எம்மா, நேத்து ஏன் பத்து எட்டுலயே போய்ட்ட?"

கரண்டி கையிலேயே நின்றது.
"சாவி எங்க இருக்குன்னு தெரியுமால?"
"சுடலைமாடன் படத்துக்குப் பின்னால.
வளைஞ்ச ஆணியில."

அடித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டான்.
அடிக்கவில்லை.
மதியமே ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினேன்.
"மறக்காத நம்பரா வையுங்க,
பிறந்தநாள், கல்யாணநாள்..." என்றார் பூட்டுக்கடைக்காரர்.
அதெல்லாம் அவனுக்கும் மனப்பாடம்.

என்னைப் பெண் பார்த்துவிட்டு அவர் ஏறிப்போன பஸ்ஸின்
பின்புறத்து நான்கு எண்.
யாரிடமும் சொன்னதில்லை,
அவரிடமும்.
இப்போது இரும்புக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி நாய் விடாமல் குரைத்தது.
வாழைக்குள் ஏதோ மடமடவென்று முறிந்தது.
எழுந்தேன்.
பீரோப் பக்கம் திரும்பவில்லை.
முதலில் அவன் பாய்க்கு, இரண்டே எட்டு.
குனிந்து மூச்சைக் கேட்டேன்,
இத்தனை வெள்ளிக்கிழமையும்
கேட்க மறந்த மூச்சை.

இருட்டில் இருந்து குரல்:
"நான் எண்ணலைம்மா."

"சரி. எந்திரி.
டார்ச்சை நீ பிடி,
தகரத்தை நான் தட்டுதேன்."