மணல் மூட்டைக் கணக்கு

நகராட்சி, பூங்காப் பிரிவு.
பெயர் ஒடார்க்கா கோவ்துன். பதினாறு வருடம்.
ஏப்ரல் தோறும் ஏணி வைத்து
கவிஞரின் தோளில் புறா எச்சம் சுரண்டுவது,
காதுமடலில் குளவிக்கூடு இருந்தால் எடுப்பது,
மீசையில் களிம்பு ஏறாமல் மெழுகு பூசுவது.
பள்ளிப் படிப்பு முடிந்த இரவில் எவனாவது
அவர் தலையில் சாலைக் கூம்பைக் கவிழ்த்திருப்பான்.
அதையும் நான்தான் இறக்கவேண்டும்.

எனக்கும் அவருக்கும் அவ்வளவாக ஆகாது.
ஏழாம் வகுப்பில் அவர் பாட்டைச் சொல்லத் தொடங்கி
மூன்றாம் கண்ணியில் மாட்டிக்கொண்டேன்.
வகுப்பே சிரித்தது.
ஜன்னலுக்கு வெளியே இதே வெண்கலம்
என்னைப் பாராமல்
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் உத்தரவு வந்தது: மூடு.
எதைக்கொண்டு என்று எழுதவில்லை.

மணல், ஆற்றங்கரைக் குளியல்துறையில் எடுத்தது.
உறைந்து கிடந்ததைக் கடப்பாரையால் உடைத்தோம்.
சிப்பி வந்தது,
யாரோ ஒரு குழந்தையின் சிவப்பு வாளி வந்தது.
சாக்கு, பார்லி ஆலை கொடுத்தது.
டிராம் ஓடாததால் டிராம் ஓட்டி ஸெனோவி வந்தான்.
பல் டாக்டர் ரோக்சொலானா வந்தாள்;
நகம் உடைந்ததற்கு மட்டும் அழுதாள்.

அடியில் அகலம், மேலே குறுகல்.
செங்கல் வைப்பதுபோல மூட்டு மாற்றி மாற்றி.
கால் மறைந்தது.
கோட்டின் பொத்தான்கள் மறைந்தன.
கையிலிருந்த புத்தகம் மறைந்தபோது
ஸெனோவி ஒரு சிகரெட் பற்றவைத்தான்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம்,
சைரன் ஒலித்தது, ஓடினோம்.

தலைக்குப் போதவில்லை.
வாய்வரை தண்ணீரில் நிற்பவர்போல்
மூக்கும் கண்ணும் நெற்றியுமாக நின்றார்.
"வாயை அடைத்துவிட்டோமே" என்றாள் ரோக்சொலானா.
பல் டாக்டருக்கு வாய்தானே கண்ணில் படும்.

அன்றிரவு நிலவறையில், கம்பளிக்குள்,
கேட்காமலே அந்த மூன்றாம் கண்ணி
நுனிநாக்குவரை வந்தது.
பக்கத்தில் யாரோ இருமினார்கள்.
போய்விட்டது.

மே மாதம் மூட்டைகள் முளைவிட்டன.
சாக்குத் தையலில் தங்கியிருந்த பார்லி
மழையைக் குடித்துவிட்டு எட்டிப் பார்த்தது.
முதலில் முழங்கால் உயரத்தில், பிறகு மார்பில்.
குண்டுச் சிதறல் கிழித்த இடங்களில்
இன்னும் அடர்த்தியாக.

ஜூனில் அலுவலகத்திலிருந்து ஒரு தாள்:
"நினைவுச்சின்னத்தில் களை. அகற்றவும்."

களை பிடுங்குவது என் தொழில்.
ஏணி வைத்தேன், கையுறை மாட்டினேன்.
கதிர் பால் பிடித்திருந்தது.
நசுக்கினால் விரலில் வெள்ளையாய்க் கசிந்தது.
பார்லி எந்தச் சட்டத்தில் களை?
தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன்:
"பரிசோதித்தேன். களை இல்லை. ஒ. கோவ்துன்."

இறங்கும்முன் ஒரு வேலை பாக்கி.
இந்த வருடம் ஏப்ரலைத் தவறவிட்டிருந்தோம்.
ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தேன்.
இடது காதில் குளவி இருக்கிறதா பார்த்தேன்.
இருந்தது.
இருக்கட்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகை.
அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏணியின் மேல்படியில் நின்று
நானும் கொஞ்ச நேரம்.