முப்பத்து மூன்றில் வைத்த பெட்டி

மினாஸ் ஜெராய்ஸில், யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால்
பழைய பால் குளிர்நிலையம் இப்போது பூச்சிப்பண்ணை.
ஐந்து பெட்டிகள். ஐந்து வெப்பம்.
பதினேழில் தொடங்கி
நான்கு நான்காய் ஏறி
சுவரோரக் கடைசிப் பெட்டி முப்பத்து மூன்று.

ஜுசேலியாவுக்கு வேலை எண்ணுவது.
தழை தின்னும் புழுவைக் குத்தி உறிஞ்சும்
நாவாய்ப்பூச்சி
(கடலே இல்லாத மாநிலத்தில் எத்தனை நாவாய்கள்!)
இட்ட முட்டைகளை
நனைத்த தூரிகையால் ஒவ்வொன்றாய்த் தொட்டு.
வெண்கலக் குடம்போல் ஒரு முட்டை,
கடுகில் பாதி,
வாயைச் சுற்றி முள்.
பொரிந்தால் மூடி திறந்திருக்கும்.
பொரியாதது தூரிகை பட்டதும் தெரியும்,
ஆளில்லாத வீட்டுக் கதவு போல.

பதினேழில் எதற்கும் அவசரமில்லை.
நெடுநாள் இருக்கின்றன, கொஞ்சம் தின்கின்றன,
இடுவோமா நாளைக்குப் பார்ப்போமா என்று
மழைநாள் அரசு அலுவலகம் மாதிரி.
இருபத்தைந்தில் பக்கம் பத்தாமல்
ஓரத்தில் எழுத வேண்டியிருக்கிறது.
முப்பத்து மூன்றில் ஒரே ஓட்டம்:
இறக்கை முளைத்த கையோடு கூடல்,
பிரித்தாலும் பிரியாத கூடல்,
கொட்டிக் கொட்டி இடுகின்றன ஒரு வாரம்,
பிறகு மல்லாந்து கால் மடக்கிக் கிடக்கின்றன.
நூறு முட்டையில் ஏழு பொரிந்தது.

"பெண்ணுக்கு வெக்கை தாங்கவில்லை" என்று
எழுதச் சொன்னார் அதிகாரி தியோதோமிரோ.
எழுதினாள். பென்சிலால்.

அவள் வீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.
வயிறு அவளுடையது, ஆகையால் கேள்வியும் அவளுக்கே.
மூன்று வருஷம், இரண்டு மருத்துவமனை,
எண்ணாமல் விட்ட மெழுகுவர்த்திகள்.
அதெல்மோவை யாரும் எதுவும் கேட்டதில்லை.
இதே யூகலிப்டஸ்தான், வெட்டியபின் அவனிடம் போகிறது.
கரிச்சூளையில் பன்னிரண்டு மணி நேரம்
செங்கல் குவிமாடத்துக்குள் குனிந்து நுழைந்து
ஆறாத கரியை வாரி இழுப்பான்.

ஒரு ராத்திரி, திட்டத்தில் இல்லாததைச் செய்தாள்.
கடைசிப் பெட்டியின் பெண்களிடம்
இருபத்தைந்தின் ஆண்களை விட்டாள்.
இருபத்தைந்தின் பெண்களிடம்
வெந்த ஆண்களை.
நோட்டில் ஏற்றவில்லை. ஏதோ மருந்துச்சீட்டின் பின்புறம்.

பத்தாம் நாள் கடைசிப் பெட்டியில்
மூடிகள் திறந்து கிடந்தன.
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது,
கை நடுங்க, மறுபடி ஒன்றிலிருந்து.
இருபத்தைந்தில்
முட்டைகள் வரிசை குலையாமல் அழகாய் இருந்தன.
அவ்வளவுதான், அழகாய் இருந்தன.

பென்சில் வரியை அழித்துவிட்டு
சாயங்காலம் சூளைக்குப் போனாள்.
முகமெல்லாம் கரி, பல் மட்டும் அதெல்மோ.
"இங்கே என்னத்தை எண்ண வந்தாய்?"

பண்ணையிலிருந்து எடுத்து வந்த வெப்பமானியைக்
குவிமாட வாயில் ஆணியில் மாட்டினாள்.
ஐம்பது வரைதான் அதில் கோடு.
சிவப்பு ஏறி, உச்சியில் முட்டி, நின்றது.
"வியாழக்கிழமை டாக்டரிடம்..." என்று ஆரம்பித்தாள்.
"நீதானே போவாய்?" என்றான்,
பிறகு
வெப்பமானியை இன்னொரு தடவை பார்த்தான்.