இரண்டு புள்ளிகள்

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுக அலுவலகம், மூன்றாம் மாடி.
சர்வருக்கு ஜன்னலில்லாத ஓர் அறை.
எனக்கும் அதேதான்.

டிசம்பரில் ஒரு வேலை செய்தேன்.
கரையோரமாய் நீர்மட்டமும் பனியின் தடிமனும்
அளந்து அனுப்புகிற பதினோரு பேரையும்
அவரவர் ஃபோல்டருக்குள் வைத்துப் பூட்டினேன்.
உள்ளே வருகிறவருக்கு இனி வீடுதான் ரூட்.
ஒரு சாய்கோடு, அவ்வளவு உலகம்.
மேலே போக இரண்டு புள்ளி தட்டினால்
அதே வாசலில் கொண்டுவந்து விடும்.
நிஜமான ரூட்டுக்கும் அதுதான் கதி,
தனக்குத் தானே தாய்.

முதல் நாள் ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை.
ரூட்டில் எழுத உரிமையிருந்தால்
சர்வர் உள்ளே விடாதாம்.
வீட்டை என் பேருக்கு மாற்றி
உள்ளே ஓர் அறையை மட்டும் அவர்கள் பேருக்கு எழுதினேன்.
சொந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
கோல்கா முனை ஓயார்ஸிடம் எப்படிச் சொல்வது?

அவர் போனில் கேட்டது வேறு.
"எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்?"
யாரும் போகவில்லை, இங்கேதான்.
"ஆறு மணிக்கு என் கணக்கைப் போட்டுவிட்டு
ரோயாக்காரியின் கோப்பு வந்ததா என்று பார்ப்பேன்.
நாலு கிலோபைட்.
அவள் வீட்டு அடுப்புப் புகை மாதிரி."
பாதுகாப்பு, என்றேன்.
"யாரிடமிருந்து?"
அப்புறம் லைனில் காற்றுதான்.

பிப்ரவரியில் மூன்று நாள் ரோயா வெறுமை.
பதினோரு வீடும் தெரிகிற ஒரே ஆள் நான்.
நாலாம் நாள்தான் பார்த்தேன்.
ஸ்காய்திரீதே அளவுக் குடிசைப் படியில் வழுக்கி
இடுப்பெலும்பு முறிந்து
ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தாளாம்,
தபால்காரர் வரும்வரை.

ஓயார்ஸின் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு
ஒரு குறுக்குவழி போட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை.
அது சொல்லும் முகவரி
அவருடைய உலகத்தில் இல்லவே இல்லை.
பிறகு அவள் ஃபோல்டரையே
அவர் வீட்டுச் சுவரில் பொருத்தினேன்:
பார்க்கலாம், தொடக் கூடாது.
விதிமுறையில் இதற்கு இடமில்லை.
மேலதிகாரி கேட்டால் சோதனை என்பேன்.
இதுவரை கேட்கவில்லை.

ஏப்ரல் ஒன்பது, மாலை ஆறு இரண்டுக்கு
ரோயாவில் நாலு கிலோபைட்.
ஆறு ஐந்துக்கு
ஓயார்ஸுக்கென்று இருக்கும் அந்த ஒற்றை அறையில்
ஒரு கோப்பு. அளவு சுழியம்.
பெயர் மட்டும் இருந்தது:
புகை.